நிறுத்திய பைக் தானாக விழுமா? சைட் ஸ்டாண்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பைக்கும் ஸ்கூட்டருமாக இருபதுக்கு மேல் நிற்கும். இரண்டு மாதத்துக்கு ஒன்றாவது விழும். விழுந்த உடனே செக்கியூரிட்டி ஐயாவுக்குத்தான் முதல் ஏச்சு. அடுத்தது பக்கத்தில் நிறுத்தியவருக்கு. அப்புறம் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு. பைக்கின் சொந்தக்காரர் மட்டும் ஏச்சு வாங்கி நான் பார்த்ததில்லை.

நான் மெக்கானிக் இல்லை. பல வருடமாக ஒரே 150 சிசி பைக்கை வைத்து மாரடிக்கிறேன். அது என் கையில் மூன்று தரம் சரிந்திருக்கிறது, மூன்று தரமும் மூன்று காரணம். அந்தக் கதைகளைக் கேட்டவர்கள் ஆளாளுக்கு ஒரு கேள்வியோடு வந்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒருவரும் தொடாமல் பைக் விழுமா? சும்மா சொல்லாதீர்கள்.

விழும். என்னுடையதே விழுந்தது. ராத்திரி பத்து மணிக்கு வழக்கமான இடத்தில் விட்டேன். காலையில் வந்து பார்த்தால் வலப்பக்கம் சரிந்து, பக்கத்துக் காரின் டயரில் தலை வைத்துப் படுத்திருந்தது. செக்கியூரிட்டி ஐயா பிள்ளையார் மேல் சத்தியம் பண்ணினார், ஒருவரும் கிட்ட வரவில்லை என்று. நான் நம்பவில்லை. கமராவைப் போட்டுப் பார்த்தோம். விடிய நாலு மணி போல், ஆளில்லாத இடத்தில், பைக் மெதுவாக நிமிர்ந்து மறுபக்கம் சாய்ந்தது. பேய்ப்படம் மாதிரி.

பின் டயரைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தபோது ஒரு சின்ன ஆணி. விஷயம் இதுதான். சைட் ஸ்டாண்டின் நீளம் மாறாது. டயரில் காற்று இறங்க இறங்க பைக்தான் கீழே இறங்கும். பைக் இறங்கினால், அதே ஸ்டாண்ட் அதற்கு நீளமாகிப் போகும். இடப்பக்கம் சாய்ந்து நின்ற பைக்கை ஸ்டாண்ட் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தும். நேராக நிமிர்ந்த பிறகு வலப்பக்கம் தாங்க ஒன்றுமில்லை. ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

சைட் ஸ்டாண்டில் பைக் எப்படித்தான் நிற்கிறது?

முக்காலி நிற்பது போல. முன் டயர் ஒரு கால், பின் டயர் ஒரு கால், ஸ்டாண்ட் மூன்றாவது கால். இந்த மூன்றும் நிலத்தைத் தொடும் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். பைக்கின் மொத்தப் பாரமும் ஒரு புள்ளியில் தொங்குகிறது என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒரு தூக்குக்குண்டை இறக்கினால், குண்டு அந்த முக்கோணத்துக்குள் விழவேண்டும். விழும் வரை பைக் நிற்கும்.

முக்காலியோடு ஒப்பிட்டாலும் இது சரியான ஒல்லி முக்காலி. என் பைக்கில் கையால் அளந்து பார்த்தேன். இரண்டு டயர்களையும் இணைக்கும் கோட்டிலிருந்து ஸ்டாண்டின் பாதம் ஏறத்தாழ ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அந்த ஒரு சாணுக்குள்தான் குண்டு விழவேண்டும். வலப்பக்கம் அரைச் சாண் போனால் வலப்பக்கம் கவிழும், இடப்பக்கம் அரைச் சாண் போனால் ஸ்டாண்டையே தாண்டி இடப்பக்கம் கவிழும்.

விழுந்து கிடக்கும் விதத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். தூக்குவதற்கு முன் அரை நிமிடம் பாருங்கள். ஒரு படமும் எடுங்கள், காப்புறுதிக்கும் உதவும்.

வலப்பக்கம், அதாவது ஸ்டாண்ட் இல்லாத பக்கம் விழுந்திருந்தால், பைக் அளவுக்கு மேல் நிமிர்ந்து நின்றிருக்கிறது. டயரில் காற்று இல்லை, அல்லது நிலம் வலப்பக்கம் சரிவு, அல்லது ஸ்டாண்ட் பாதத்துக்குக் கீழே ஒரு கல்லோ இண்டர்லொக் கல்லின் தூக்கிய விளிம்போ இருந்தது. யாராவது இடப்பக்கம் இருந்து இடித்தாலும் இப்படி விழும். பின் ஷொக் (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்) தளர்ந்துபோன பழைய பைக்குக்கும் இதே வியாதிதான். உடம்பு தாழ்ந்துவிட்டது, ஸ்டாண்ட் மட்டும் புதிதில் இருந்த நீளம்.

இடப்பக்கம் விழுந்து, ஸ்டாண்ட் இன்னும் விரிந்தபடியே இருந்தால் நிலத்தைப் பாருங்கள். தாரில் குழி இருக்கும், மண்ணில் ஓட்டை இருக்கும். குழி இல்லையென்றால் ஸ்டாண்ட் வளைந்திருக்கும், அல்லது அது மடிந்து விரியும் அச்சாணி தேய்ந்து ஆடும்.

இடப்பக்கம் விழுந்து, ஸ்டாண்ட் மடிந்து கிடந்தால் பைக் முன்னுக்கு உருண்டிருக்கிறது. சைட் ஸ்டாண்டைக் காலால் முன்னுக்குத் தள்ளி விரிக்கிறோம், பின்னுக்கு இழுத்து மடிக்கிறோம். பைக் முன்னுக்கு நகர்ந்தால் நிலமே அந்த வேலையைச் செய்து ஸ்டாண்டை மடித்துவிடும். பின்னுக்கு நகர்ந்தால் ஸ்டாண்ட் இன்னும் இறுகித்தான் நிற்கும். இந்த ஒன்று விளங்கினால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எப்படி நிறுத்துவது?

மூக்கு மேட்டைப் பார்க்க வேண்டும். அதாவது கடலுக்கு முதுகு, காலி வீதிக்கு முகம். அப்போது பைக் உருளப் பார்த்தாலும் பின்னுக்குத்தான் உருளும், ஸ்டாண்ட் விடாது. நாங்கள் செய்வது நேர் எதிர். இறங்கி வருகிற வேகத்திலேயே, வந்த முகமாக ஓரங்கட்டி, ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவோம்.

வெள்ளவத்தைச் சரிவு பெரிதில்லை, பழகிய கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒரு போத்தலை உருட்டிவிட்டால்தான் தெரியும். கொட்டாஞ்சேனைப் பக்கம் வுல்ஃபெண்டால் தேவாலயம் நிற்கிற மேட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் சரிவு கண்ணுக்கே தெரிவதால் அங்கே சனம் கொஞ்சம் கவனமாக நிறுத்துகிறது. தெரியாத சரிவுதான் ஆளை ஏமாற்றும்.

வீதி ஓரத்தில் நேராக நிறுத்துவதா, குறுக்காகவா?

இடம் இருந்தால் குறுக்காக, பின் டயர் நடைபாதைக் கல்லைத் தொடும்படி, மூக்கு வீதியைப் பார்க்க. புறக்கோட்டையில் பைக் வரிசைகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி. மழைத்தண்ணீர் கானுக்கு ஓடவேண்டும் என்பதற்காக வீதியின் நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்திப் போடுவார்கள். பின்புறம் ஓரத்தில் இருந்தால் மூக்குத் தானாக மேட்டில் இருக்கும், பின்னுக்கு உருளவும் கல் விடாது. புறப்படும்போது பின்னுக்கு இழுத்து மல்லுக்கட்டவும் தேவையில்லை.

இடது ஓரத்தில் வீதிக்கு இணையாக நிறுத்தினால் ஸ்டாண்ட் நிற்பது தாழ்ந்த பக்கம். பைக் வழக்கத்தைவிடக் கூடச் சாயும். வெறும் பைக் தாங்கிக்கொள்ளும். பின்னால் டெலிவரிப் பெட்டி, அதற்குள் நாலு பார்சல் என்றால் சந்தேகம்தான்.

நியூட்ரலில் விடலாமா?

வேண்டாம். முதலாவது கியரில் விடுங்கள், பைக் உருளாது.

சில பார்க்கிங்கில் "லொக் போடாதீங்க, நியூட்ரலில் விடுங்க, நாங்கள் நகர்த்தணும்" என்கிறார்களே?

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நூறு பைக்கை ஐம்பது பைக் இடத்துக்குள் அடுக்குகிறார்கள். அப்படியான இடத்தில் டபுள் ஸ்டாண்ட், அதாவது நடுவில் இரண்டு காலோடு இருக்கும் ஸ்டாண்டைப் போட்டுவிட்டு வாருங்கள். டபுள் ஸ்டாண்ட் இல்லாத பைக் என்றால் வேறு இடம் பாருங்கள். நியூட்ரலில், சைட் ஸ்டாண்டில், யார் கையாவது பட்டு முன்னுக்கு உருளத் தயாராக நிற்கும் பைக்கை விட்டுவிட்டுப் போய், சேலைக்கடையில் நிம்மதியாக இருக்க முடியாது.

ஸ்கூட்டருக்குக் கியரே இல்லையே?

அதனால்தான் ஸ்கூட்டருக்கு டபுள் ஸ்டாண்ட் வருகிறது. எஞ்சின் நின்றதும் ஸ்கூட்டரின் பின் சில்லு சும்மா சுற்றும், பிடித்துவைக்க ஒன்றுமில்லை. சில ஸ்கூட்டர்களில் பிரேக் லீவரை அழுத்திப் பூட்டி வைக்க ஒரு சின்னக் கொக்கி இருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா என்று லீவருக்குக் கிட்டப் பாருங்கள். பல வருடம் ஓட்டியும் அது எதற்கென்று தெரியாதவர்கள் இருக்கிறார்கள். இல்லையென்றால் பழைய டியூபில் ஒரு வளையம் வெட்டி, பிரேக் லீவரை அமுக்கி, கைப்பிடியோடு சேர்த்து மாட்டிவிடுங்கள். பார்க்க அழகில்லைதான், சில்லு அசையாது.

ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பி லொக் போடுவது?

சைட் ஸ்டாண்டில் என்றால் இடப்பக்கம். முன் டயர் நிலத்தைத் தொடும் இடம் வலப்பக்கம் சிறிது விலகும், பைக் ஸ்டாண்ட் மேல் இன்னும் நன்றாகக் குந்தும். சந்தேகம் இருந்தால் ஸ்டாண்ட் போட்டுவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். வலப்பக்கம் திருப்பும்போது பைக் லேசாக எழும்புவது கைக்கே தெரியும்.

வெயிலில் தார் இளகி ஸ்டாண்ட் புதைகிறது. என்ன செய்யலாம்?

பாதத்துக்குக் கீழே தட்டையான ஏதாவது வையுங்கள், அவ்வளவுதான். பைக்கின் பாரத்தில் பெரும்பங்கு டயர்கள் மேல். ஸ்டாண்டுக்கு வருவது சின்னப் பங்கு. ஆனால் அந்தப் பங்கை இரண்டு விரல் அகலத் தகடு ஒன்றுதான் தாங்குகிறது. ஏப்ரல் ஆரம்பத்தில் சூரியன் தலைக்கு நேரே வருகிற நாட்களில், மத்தியானம் புதுத் தாரில் நிறுத்தினால், சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் தகடு பாதி உள்ளே போயிருக்கும். என் பைக் இரண்டாம் தரம் விழுந்தது இப்படித்தான். பம்பலப்பிட்டியில் ஒரு கடை வாசலில், புதிதாகத் தார் போட்ட மறுவாரம்.

அதிலிருந்து சீட்டுக்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு பலகைத் துண்டு வைத்திருக்கிறேன். ஒரு மூலையில் ஓட்டை போட்டு நூல் கட்டி, நூலின் மறுமுனையை ஹேண்டிலில் சுற்றிவிடுவேன். இல்லாவிட்டால் பலகையை மறந்துவிட்டுப் போவேன், மூன்று பலகை அப்படிப் போய்விட்டது. பலகை இல்லாத நேரத்தில் மிதித்துத் தட்டையாக்கிய தகரப்பேணி போதும். சிரட்டை வைக்காதீர்கள். ஒருவர் வைத்தார். வளைவு மேலே இருந்தால் வழுக்கும், கீழே இருந்தால் நொறுங்கும்.

மண்ணும் மணலும் இதைவிட மோசம், வெயிலே தேவையில்லை. காலிமுகத்திடல் புல்லில் கால் வைத்தால் கெட்டியாகத்தான் இருக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை ஒன்று கொட்டிவிட்டுப் போனபின் அதே புல் களி மாதிரி. காயும்போது நிறுத்தினேனே என்று நினைப்பீர்கள், நிலம் அதன் பிறகு நனைந்ததைப் பைக்தான் கண்டிருக்கும்.

அடுக்குமாடியின் டைல் தரையில்?

டைல் புதையாது, ஆனால் நனைந்தால் ஸ்டாண்ட் வழுக்கும். மழையில் நனைந்து வந்த பைக்கிலிருந்து தண்ணீர் வடிந்து சரியாகப் பாதத்துக்குக் கீழேதான் போய்ச் சேரும். பழைய டயர்த் துண்டோ ரப்பர் மெத்தையோ போடுங்கள். டைல் உடைந்தது என்று முகாமைத்துவக் குழுவிலிருந்து வரும் கடிதமும் மிச்சம்.

டபுள் ஸ்டாண்ட் போட்டால் பிரச்சினையே இல்லையா?

சமமான, கெட்டியான நிலத்தில் இல்லை. இரவு முழுக்க நிற்கப்போகும் பைக்குக்கு நான் எப்போதும் அதைத்தான் சொல்வேன். டயரில் காற்றுப் போனாலும் விழாது, ஏனென்றால் பாரம் டயரை நம்பி இல்லை.

ஆனால் அதுவும் முன்னுக்குத் தள்ளினால் மடியும் ஸ்டாண்ட்தான். மூக்கு பள்ளத்தைப் பார்க்க டபுள் ஸ்டாண்ட் போட்டால், ஒரு சின்னத் தட்டில் இறங்கி ஓடிவிடும். ஒரு பக்கம் சரிந்த நிலத்திலும் அது உதவாது. இரண்டு காலும் கிட்டக்கிட்ட, பைக்கோ உயரமாக நிமிர்ந்து நிற்கும். அங்கே சைட் ஸ்டாண்டே மேல்.

கடலோரமாக மரைன் டிரைவில் நிறுத்தினால் காற்றில் விழுகிறது. கவர் போட்டும் விழுகிறது.

கவர் போட்டதால்தான் விழுகிறது. அது பாய்மரம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேராக வரும், தடுக்க ரயில் பாதையைத் தவிர வேறொன்றும் இல்லை. கவர் போடத்தான் வேண்டுமென்றால், அடியால் ஒரு கயிறு கொடுத்து வயிற்றோடு இறுக்கிக் கட்டுங்கள்.

நிறுத்தும் முகத்தையும் பாருங்கள். காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்தால் பைக்கை ஸ்டாண்ட் மேல் அமர்த்தும். இடப்பக்கத்திலிருந்து அடித்தால் நிமிர்த்தும். தெஹிவளைப் பக்கம் முகம் வைத்தால் கடல் உங்கள் வலக்கையில். கொள்ளுப்பிட்டிப் பக்கம் முகம் வைத்தால் இடக்கையில். ஆகவே தெஹிவளைப் பக்கம் முகம். அல்லது கடலை நேராகப் பார்க்க விடுங்கள், காற்றுக்கு அகலம் கிடைக்காது.

ஸ்டாண்டில் நிற்கும் பைக்கில் ஏறி உட்காரலாமா? பிள்ளைகள்?

ஒருவர் ஏறினால் பாரம் கூடுகிறது, ஷொக் அமுங்குகிறது, பைக் நிமிர்கிறது. ஸ்டாண்டுக்கு அது ஒரு நாளைக்குப் பத்து தரம் நடந்தால், அதன் ஆணியும் அது பொருந்தும் காதும் தேயும். தேநீர்க்கடை வாசலில் நாலு பேர் பைக்கில் குந்திக்கொண்டு அரசியல் பேசுவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

பிள்ளைகளை மட்டும் ஏறவே விடாதீர்கள். நாலு வயதுப் பிள்ளை வலப்பக்கம் வந்து ஃபுட்ரெஸ்டில் கால் வைத்து ஏறப் பார்க்கும்போது பைக் வருவது பிள்ளையின் மேலேதான். வலப்பக்கம்தான் சைலன்சரும் பெரும்பாலும் இருக்கும். ஓடி வந்த சூட்டில் அது தோலை எடுத்துவிடும்.

சாமான் ஏற்றும்போதும் அப்படித்தான். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் என்றால் நிரம்பியிருக்கும்போது இரும்பின் பாரமும் சேரும். அதை ஸ்டாண்டில் நிற்கும் பைக்கின் வலப்பக்கம் தொங்கவிட்டுவிட்டுக் கயிறு தேடப் போகாதீர்கள். ஒரு ஆள் பைக்கைப் பிடித்துக்கொள்ளட்டும்.

வரிசையில் ஒன்று விழுந்து மற்றதெல்லாம் விழுந்தால் யார் காசு கட்டுவது?

என் மூன்றாவது விழுகை இதுதான். புறக்கோட்டையில், செட்டியார் தெருவுக்குக் கிட்ட, மூட்டை சுமக்கும் நாட்டாமி ஒருவர் கைவண்டி நிறைய சீனி மூட்டையோடு வந்தார். வண்டியின் ஓரம் முதல் ஸ்கூட்டரின் கைப்பிடியில் தொட்டது, தொட்டது மட்டும்தான். ஏழு பைக். டக், டக், டக் என்று ஒரே தாளம். என்னுடையது நாலாவது. கடைசியில் நின்ற எட்டாவது பைக் மட்டும் விழவில்லை. கொஞ்சம் தள்ளி, மூக்கை வேறு கோணத்தில் திருப்பி நிறுத்தியிருந்தது.

சட்டப்படி கவனக்குறைவால் தட்டியவர்தான் பொறுப்பு. நடைமுறையில், நாள் கூலிக்கு மூட்டை இழுக்கும் மனிதரிடம் ஏழு பேர் நட்டஈடு கேட்டு என்ன வரப்போகிறது? அன்று அவரவர் பைக்கை அவரவர் தூக்கிக்கொண்டு போனோம். எனக்கு ஒரு கிளட்ச் லீவரும் ஒரு கண்ணாடியும் செலவு. தட்டியது கார் அல்லது வான் என்றால் கதை வேறு. இலக்கத்தகட்டைப் படம் எடுங்கள், ஆளோடு அங்கேயே பேசுங்கள், சரிவரவில்லையென்றால் பொலிஸ் முறைப்பாடு.

உங்கள் கையில் இருப்பது இடைவெளி. கைப்பிடியும் கைப்பிடியும் முட்டாத அளவுக்குத் தள்ளி நிறுத்துங்கள். வரிசை எல்லாம் நேராக நிற்கும்போது உங்களுடையதை லேசாகச் சரித்து நிறுத்தினால், வருகிற பைக் உங்கள் மேல் முழுப் பாரத்தோடு வராது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசையில் ஒன்று விழ மற்றதும் விழுவதைக் கண்ணால் பார்த்தோம். ராத்திரியில் பைக்கை வரிசையில் விட்டுவிட்டு ஆள் வீட்டுக்குத் தூங்கப் போய்விடும். வரிசை நகர்ந்தால் பின்னால் நிற்பவர் முன் பைக்குகளை ஒவ்வொன்றாகத் தள்ளி வைப்பார். தள்ளுவதற்காக எல்லாம் நியூட்ரல். இடமும் போகக்கூடாது என்று எல்லாம் ஒட்டி ஒட்டி. பிறகு கியூஆர் பங்கீடு வந்து, பைக்குக்கு வாரம் நாலு லீற்றர் என்று ஆன பிறகுதான் அந்தக் கூத்து அடங்கியது.

காப்புறுதி தருமா?

இலங்கையில் கட்டாயமானது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அது இல்லாமல் வாகனத்துக்கான வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. ஆனால் உங்கள் பைக்குக்கு வந்த சேதத்துக்கு அது ஒரு சதமும் தராது. முழுக் காப்புறுதி இருந்தால் கேட்கலாம். பைக்கைத் தூக்குவதற்கு முன், அந்த இடத்திலிருந்தே அழைப்பு எடுங்கள். ஒரு லீவரும் ஒரு சிக்னல் லைட்டும்தான் போனது என்றால் நான் கேட்கமாட்டேன். அடுத்த வருடத் தவணையில் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும், கணக்குப் பார்த்தால் நட்டம்.

விழுந்த பைக்கைத் தனியாக எப்படித் தூக்குவது?

முதலில் சாவியை மூடுங்கள். பெற்றோல் வாசம் வந்தால் சுற்றி நிற்பவர்களிடம் சிகரெட்டை அணைக்கச் சொல்லுங்கள், வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தில் ஒருவர் கையில் கட்டாயம் இருக்கும். பழைய கார்ப்ரேட்டர் பைக் என்றால் டேங்குக்கு அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் திருகை மூடிவிடுங்கள்.

வலப்பக்கம் விழுந்திருந்தால் அதிர்ஷ்டம். தூக்குமுன் சைட் ஸ்டாண்டை விரித்து வைக்கலாம். தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போனாலும் ஸ்டாண்ட் பிடித்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் தூக்கி, அந்த வீறாப்பிலேயே மறுபக்கம் போட்டவர்கள் பலர். இடப்பக்கம் விழுந்திருந்தால் ஸ்டாண்ட் அடியில் மாட்டியிருக்கும், தூக்கி நிமிர்த்திய பிறகுதான் காலால் தேடி விரிக்க வேண்டும். அதற்கு இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கியரில் இருந்தால் நல்லது, உருளாது. பிறகு பைக்குக்கு முதுகைக் காட்டி, சீட்டின் ஓரத்தில் இடுப்பை வைத்துக் குந்துங்கள். ஒரு கை நிலத்துக்குக் கிட்ட உள்ள கைப்பிடியில், மறு கை சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியில். முதுகை நேராக வைத்து, காலால் உந்திப் பின்னுக்குச் சின்னச் சின்ன அடியாக நடங்கள். 150 கிலோ பைக்கை முன்பக்கமாகக் குனிந்து இழுத்துத் தூக்கினால் பைக் எழும்பும், நீங்கள் எழும்பமாட்டீர்கள்.

தூக்கிவிட்டேன், ஸ்டார்ட் ஆகவில்லை.

ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள். கார்ப்ரேட்டர் பைக் சரிந்து கிடந்தால் பெற்றோல் வழிந்து எஞ்சினை நனைத்திருக்கும், ஒயிலும் போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கும். நேராக நின்றால் இறங்கிவிடும். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் புகை வந்தால் பயப்படாதீர்கள்.

இன்ஜெக்ஷன் பைக் என்றால், சரிந்ததை உணர்ந்து எஞ்சினை நிறுத்தும் சென்சர் பலவற்றில் உண்டு. சாவியை மூடித் திரும்பத் திறக்கும் வரை அது விடாது. தெரியாமல் பற்றரி இறங்கும் வரை செல்ஃப் அடித்துக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். காலையில் கண்ணாடி முன்னால் சவரம் செய்யும்போதும் பார்ப்பேன்.

ஓட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் கட்டாயம். அக்சிலேட்டரை முறுக்கிவிட்டால் தானாகத் திரும்பி வருகிறதா? பிரேக் லீவர் வளைந்து எதிலாவது முட்டுகிறதா? இரண்டில் ஒன்று சரியில்லை என்றாலும் கராஜுக்கு உருட்டிக்கொண்டு போங்கள். கண்ணாடி, சிக்னல், கீறல் எல்லாம் பிறகு.

ஸ்டாண்டிலேயே பழுது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சமமான தரையில் நிறுத்தி, ஸ்டாண்டைக் கையால் பிடித்து முன்பின் அல்ல, பக்கவாட்டில் ஆட்டுங்கள். லேசாக ஆடுவது வழக்கம். கடகடவென்றால் ஆணி தேய்ந்திருக்கிறது. ஸ்பிரிங் விரிந்த நிலையிலும் மடித்த நிலையிலும் டக்கென்று இழுத்துப் பிடிக்க வேண்டும். நடுவழியில் தொங்கினால் மாற்றுங்கள், மலிவான சாமான்தான். பைக்கைக் கழுவுகிற நாளில் அந்த ஆணிக்கு ஒரு துளி கிரீஸ்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் எல்லோரும் பழைய பைக்கையே ஒட்டித் தைத்து ஓட்டினோம். அதனால் வெல்டிங் பிடித்த ஸ்டாண்ட் இல்லாத பைக் எங்கள் பக்கம் குறைவு. வெல்ட் பிடிப்பதில் பிழையில்லை. ஸ்டாண்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள், பெற்றோல் டேங்குக்குக் கீழே தீப்பொறி வேண்டாம். பாதத்தில் அகலமான தகடு ஒன்றும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லலாம். ஆனால் வெல்டிங் பாஸ் தடிப்பான தகடாகப் போட்டால் ஸ்டாண்டின் நீளம் கூடிவிடும், பைக் நிமிரும், பிறகு வலப்பக்கம் விழும். மெல்லிய தகடாகக் கேளுங்கள்.

ஸ்டாண்டை மடிக்க மறந்து ஓடினால்?

நேராகப் போகும் வரை தெரியாது. இடப்பக்கம் திரும்பச் சரியும்போது ஸ்டாண்ட் வீதியில் குத்தி உங்களைத் தூக்கிப் போடும். புதிய பைக்குகள் பலவற்றில் ஸ்டாண்ட் விரிந்திருக்கக் கியர் போட்டால் எஞ்சின் நின்றுவிடும். அந்த சுவிட்ச் தொல்லை தருகிறது என்று வயரைச் சுருக்கிக் கட்டிவிடும் கராஜ்கள் இருக்கின்றன. அவர்களிடம் வேறு வேலையும் கொடுக்காதீர்கள்.

வேறொருவரின் பைக் விழுந்து கிடக்கிறது. தூக்கி வைக்கலாமா? நான்தான் தட்டினேன் என்று சொல்லிவிடுவார்களே?

தூக்கி வையுங்கள், பெற்றோல் ஒழுகிக்கொண்டிருக்கும். முதலில் ஒரு படம் எடுங்கள், பக்கத்துக் கடைக்காரர் ஒருவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். செவ்வாய்ச் சனக்கூட்டம் தெரியும்தானே. பைக் விட்ட இடத்தில் விட்டபடியே நின்றது, சீட்டின் மேல் மட்டும் ஒரு சிறு கல், அதற்குக் கீழே மெழுகுதிரிப் பெட்டியைக் கிழித்து எழுதிய துண்டு: "அண்ணா, உங்கட பைக் விழப் பாத்தது. பிடிச்சு வச்சனான். டயருக்குக் காத்து அடியுங்கோ." முன் டயரை அமுக்கிப் பார்த்தேன். பஞ்சு.